கூழுக்கு ஒரு கிண்ணம்

எனக்குத் தெரிந்த எந்தக் கூழ்க்கடையிலும் கூழுக்கென்றே செய்த பாத்திரம் இருந்ததில்லை. தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் சொம்பில்தான் கூழும் வரும். வயிறு அகலம், கழுத்து குறுகல், வாய் மறுபடி விரிவு. தண்ணீருக்கு அது அருமையான வடிவம். கூழ் கெட்டி. நொய்யும் வெங்காயமும் கழுத்துக்குக் கீழேயே தங்கிவிடும், சொம்பைக் கவிழ்த்துத் தட்டினாலும் கடைசி இரண்டு வாய் இறங்காது. விரலால் வழித்துக்கொள்ளலாம் என்றால் கை முழுசாக உள்ளே போகாது. வெயில் காலத்தில் இத்தனை பேர் நம்பி வாழ்கிற ஒரு சாப்பாட்டுக்கு ஏன் தனியாக ஒரு கலம் இல்லை என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன்.

நான் புதுச்சேரிப் பக்கம் ஸ்டோன்வேர், அதாவது பெரிய சூட்டில் சுட்டுக் கெட்டியாக்கிய மண்பாத்திரங்கள், செய்து விற்கிறவள். திண்டிவனம் சாலையோரம் கூழ்க்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவும் நானும் சேர்ந்து ஒரு கிண்ணத்தை உருவாக்கினோம். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் வெறும் அக்காதான். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அதன் வடிவம், அளவு, நிறம் எல்லாவற்றையும் முடிவு செய்தவர் அவர். அது எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கூழைப் பற்றி. கேழ்வரகு மாவைச் சாயங்காலமே தண்ணீரில் கரைத்து மூடி வைப்பார். ராத்திரி முழுக்கப் புளிக்கும். காலையில் உலையில் நொய்யரிசியைப் போட்டு, அது குழைய வெந்ததும் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் துழாவிக்கொண்டே இருப்பார். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி ஆறியதும் அது இன்னொரு ராத்திரி மண்பானையில் கிடக்கும். மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் பிசைந்து கரைத்தால் கூழ். ஆக இன்று காலை ஒருவர் குடிக்கிற கூழ், முந்தாநாள் சாயங்காலம் தொடங்கியது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றுகிற கூழுக்கும் இதே வேலைதான், அளவுதான் பெரிசு. இவ்வளவு பொறுமையாகச் செய்கிற ஒன்றைக் கிடைத்த பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கிறோமே என்பது அவருக்கே ஒரு குறைதான்.

அவர் ஏற்கெனவே ஒரு முறை மண் கிண்ணம் வாங்கிப் பார்த்திருந்தார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தம்ளர், தட்டு, கவர் எல்லாம் தடை ஆனபோது, ஒரு மொத்த வியாபாரி சுடுமண் கிண்ணங்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். பார்க்க நன்றாக இருந்தன. ஒரு மாதத்துக்குள் எல்லாம் வீணாயின. சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பு வாசம், போடாவிட்டால் நேற்றைய கூழின் புளித்த வாசம். அடியில் கறுப்பாகப் பூஞ்சை வேறு. மிச்சமிருந்த சிலவற்றின் உள்ளே பளபளவென்று ஏதோ வார்னிஷ் பூசியிருந்தது, அது புளிப்புப் பட்டு உரிந்துவந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சொம்புக்குப் போய்விட்டார்.

சுடுமண்ணில் எந்தத் தப்பும் இல்லை, அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு. நம் ஊர்ப் பானை, சட்டி எல்லாம் சுமார் 800 முதல் 1000 டிகிரி சூட்டில் வேகிறவை. அந்தச் சூட்டில் மண் கெட்டிப்படும், ஆனால் நுண்ணிய துளைகள் அடைபடாது. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது: துளை வழியாகக் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிற ஈரம் உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு போகும். இலங்கையின் தென்பகுதியில் எருமைத் தயிரைச் சட்டியிலேயே உறைய வைத்து விற்பதும் இதே குணத்தை நம்பித்தான், மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள தயிர் இறுகிக் கெட்டியாகிறது. ஆனால் ஒரு நாளில் பலர் வாய் வைத்து, பல தடவை கழுவி, உடனே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய கிண்ணம் எதையும் உறிஞ்சக் கூடாது.

அதற்கு ஸ்டோன்வேர் வேண்டும். ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பாட்டி வீட்டுப் பரணில் இருக்கிற ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பும் கீழே வெண்மஞ்சளுமாக இருக்குமே, அது ஸ்டோன்வேர்தான். உப்பு, புளிப்பு, எண்ணெய் மூன்றையும் வருஷக்கணக்கில் தாங்குகிற பாத்திரம் என்று அதை நம் வீடுகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. 1200 டிகிரிக்கு மேல் போகும்போது மண்ணிலுள்ள சில கனிமங்கள் உருகி, துளைகளை நிரப்பி, ஆறும்போது கண்ணாடியாக இறுகுகின்றன. மேலே பூசுகிற கிளேஸும், அதாவது கண்ணாடி மாதிரியான பூச்சும், உருகிப் பாத்திரத்தின் மண் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கான மண்ணும் நமக்குத் தூரமில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கிற இடத்திலேயே வெண்களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழில் பல வருஷமாக நடக்கிறது, அதற்கென்று ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு.

புதுச்சேரியில் கைவினை ஸ்டோன்வேர் வேர்விட்டது 1971-ல். குயவர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கிய வருஷம் அது. அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று பரவி, இன்று இந்தப் பகுதியில் எத்தனையோ பட்டறைகள். இந்த வளர்ச்சியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவள் நான். ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. பட்டறைகளில் செய்கிற தட்டுகளில் பெரும்பாலானவை முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கான தட்டுகள். தட்டையான அடி, அகலமான விளிம்பு. கத்தியால் வெட்டுவதற்குத் தட்டையான இடம் தேவை. நாம் சோற்றைக் குழம்போடு பிசைகிறோம், விரல்களால் ஓரத்துக்குத் தள்ளி உருட்டி எடுக்கிறோம். தள்ளுகிற சோறு சாய்ந்து நிற்க ஒரு சுவர் வேண்டும். ரசம் ஓடாமல் இருக்க ஒரு பள்ளம் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சமையல்காரர் பட்டறைக்குள் வர வேண்டும். அக்கா வந்தார்.

வந்த முதல் நாளே அலமாரியில் இருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கையால் பிடித்து, வாயருகே கொண்டுபோய், மறுபடி வைத்தார். எதுவும் சரிப்படவில்லை.

"குடிக்கிறவன் நின்னுகிட்டுத்தான் குடிப்பான்மா. ஒரு கையில கிண்ணம், ஒரு கையில மோர்மிளகா. ரெண்டு கையால புடிக்கிற மாதிரி செஞ்சா மிளகாய யாரு கடிக்கிறது?"

ஒரு கை என்றால் கனம் முக்கியம். கூழோடு சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டினால் மணிக்கட்டு வலிக்கும். கட்டைவிரல் விளிம்பின் மேல், மற்ற விரல்கள் அடியில் என்று எல்லோரும் பிடிக்கிற பிடியைக் காட்டினார். அப்படியானால் அடியில் ஒரு வளையம் வேண்டும், ஈரக் கையின் நடுவிரல் அதில் மாட்டி நிற்கிற உயரத்துக்கு. வெளிப்பக்கத்தின் கீழ்ப்பாதியில் கிளேஸ் போடக் கூடாது, வழுக்கும். கூழ் குளிர்ந்தது, ஆகவே கைப்பிடி தேவையில்லை. உள்ளே மூலையே இருக்கக் கூடாது: விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரே வளைவு, ஒரு விரல் ஒரே சுற்றில் வழித்து முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் வரைந்து காட்டவில்லை. செய்து வைத்ததை எடுத்துப் பிடித்து, இங்கே, இங்கே என்று விரலால் அழுத்திக் காட்டினார். பச்சை மண்ணில் அவர் விரல் பட்ட இடம் அப்படியே நின்றது. பள்ளம் விழுந்த அந்தக் கிண்ணத்தைச் சுட்டு எடுத்துப் பட்டறையில் வைத்திருக்கிறேன்.

விளிம்புதான் அதிக நாள் இழுத்தது. இளையவர்கள் உதடு வைத்துக் குடிக்கிறார்கள். வயசானவர்களில் பலர் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். உதட்டுக்கு மென்மையான, உருண்ட விளிம்பு வேண்டும். அண்ணாந்து ஊற்றுவதற்குக் கூர்மையான விளிம்பு வேண்டும், இல்லையென்றால் ஊற்றி நிறுத்தும்போது கூழ் வெளிப்பக்கமாக வழிந்து தாடையில் இறங்கும். சொம்பின் வாய் ஏன் வெளியே விரிகிறது என்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த விரிவை மட்டும் கிண்ணத்துக்கு எடுத்துக்கொண்டோம். மேல்பக்கம் உருட்டல், அதற்கு நேர்க்கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு. ஊற்றி நிமிர்த்தியதும் கூழ் அந்த வெட்டில் அறுந்து நின்றுவிடும். உருட்டல் இன்னும் மெலிசாக இருந்தால் எனக்குப் பார்க்கப் பிடித்திருக்கும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெலிந்த விளிம்பு கழுவுகிற இடத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும் என்றார். கழுவப்போகிறவர் அவர்.

அளவு அடுத்த விவகாரம். வாடிக்கையாளருக்குப் பழகிய அளவு சொம்பு அளவு. அதே கூழை வாய் அகன்ற கிண்ணத்தில் ஊற்றினால் குறைவாகத் தெரியும், என்ன அக்கா அளவைக் குறைச்சிட்டியா என்று கேட்பார்கள். அதனால் சொம்பில் தண்ணீர் நிரப்பி, அதைக் கிண்ணத்தில் ஊற்றி, எங்கே நிற்கிறதோ அங்கே உட்பக்கம் ஒரு கோடு போட முடிவானது. இரும்பு ஆக்சைடில் தொட்டு இழுத்த பழுப்புக் கோடு, கிளேஸுக்கு அடியில் இருப்பதால் தேயாது. இதில் மண்ணின் கணக்கும் சேர்கிறது. நான் பயன்படுத்துகிற ஸ்டோன்வேர் மண் காய்ந்து வேகும்போது 12 சதவீதம் போலச் சுருங்கும். 15 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் வேண்டுமென்றால் சக்கரத்தில் 17 சென்டிமீட்டருக்கு இழுக்க வேண்டும். கொள்ளளவு இன்னும் வேகமாகக் குறையும், ஏனென்றால் அகலம், நீளம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குகின்றன. ஈரத்தில் ஒரு லிட்டர் பிடித்தது வெந்து வரும்போது முக்கால் லிட்டரைக்கூட எட்டாது.

இனி கிளேஸ். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

வெள்ளைக் கிளேஸ் போட்ட மாதிரியைப் பார்த்ததும் "ஆசுபத்திரிக் கிண்ணம் மாதிரி இருக்குதும்மா" என்றார். கேழ்வரகுக் கூழின் நிறம் வெள்ளையில் சேறாகத் தெரிந்தது. கரும்பழுப்பில் கூழ் இருக்கும் இடமே தெரியவில்லை. கூழ் கூழாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்டளை. நடுவில் ஒரு நிறம் வேண்டும், பச்சையும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒன்று. அது விறகுச் சாம்பல் கிளேஸில் தானாக வருகிற நிறம். அவர் அடுப்பில் எரிவது சவுக்கு விறகு. மூட்டை மூட்டையாகச் சாம்பல், பாத்திரம் துலக்கியது போக மிச்சம் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் கேட்டேன். அவருடைய அடுப்புச் சாம்பலே அவருடைய கிண்ணத்துக்குக் கிளேஸ் ஆகிறது என்றதும், நம்பாமல் சிரித்தார்.

விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பெரிய சூட்டில் அது மணலையும் களிமண்ணையும் உருக வைக்கும். சாம்பல் 40 பங்கு, பெல்ட்ஸ்பார் என்கிற கனிமப் பொடி 40, வெண்களிமண் 20 என்பது உலகம் முழுக்கக் குயவர்கள் தொடங்குகிற பழைய கணக்கு. சாம்பலைச் சலித்து, தண்ணீரில் ஊற வைத்து, மேலே தெளிகிற காரத் தண்ணீரைக் கையுறை போட்டுக்கொண்டு மாற்றி மாற்றி வடிக்க வேண்டும், அது தோலை அரிக்கும். தென்னை மட்டை எரித்த நாள்களின் சாம்பலைத் தனி மூட்டையாகக் கட்டச் சொல்லியிருந்தேன், அது வேறு மாதிரி உருகும். அக்கா ஒரு படி மேலே போய், எந்த நாள் எதை எரித்தார் என்று கரித்துண்டால் மூட்டையிலேயே எழுதி அனுப்பினார்.

முதலில் வந்த கிளேஸ் அழகாக இருந்தது, ஆனால் ஆறிய பிறகு மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. ஆறும்போது கிளேஸ் உடம்பைவிட அதிகம் சுருங்கினால் இப்படி ஆகும். பூச்சாடிக்கு அது அலங்காரம். சாப்பாட்டுப் பாத்திரத்தில் அந்தக் கோடு வழியாகப் புளிப்பு இறங்கும், மாங்காயில் தடவிய மஞ்சள் பிடித்துக்கொண்டு வலை வலையாகத் தெரியும். இதற்கு மருந்து சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். கூடுதல் சிலிக்கா சேர்த்தால் கிளேஸின் சுருக்கம் குறையும். நெல் உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அக்காவுக்கு நொய் தருகிற அரிசி ஆலையிலேயே உமிச் சாம்பல் மலையாகக் கிடந்தது. அதில் நன்றாக வெந்து வெளுத்ததாகப் பார்த்து எடுத்து, அரைத்துச் சேர்த்தோம். விரிசல் நின்றது. கூழின் நொய், அந்த நெல்லின் உமி, கூழ் வெந்த அடுப்பின் சாம்பல், மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்து சேர்ந்தன. இதைத் திட்டமிட்டு யாரும் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

புளித்த சாப்பாட்டைப் பரிமாறுகிற யாரும் பாத்திரம் வாங்கும்போது ஒன்றைக் கேட்க வேண்டும்: உள்ளே பூசியிருப்பது என்ன? குறைந்த சூட்டில் உருக வைப்பதற்காகக் காலங்காலமாகக் கிளேஸில் ஈயம் சேர்த்திருக்கிறார்கள், அது புளிப்பில் கரைந்து வரும். செம்பு போட்ட பச்சைக் கிளேஸ்களும் புளிப்பு பட்டால் நிறம் மங்கும், மங்குகிறது என்றால் செம்பு சாப்பாட்டுக்குள் போகிறது. என் கிண்ணத்தின் உட்பக்கத்தில் ஈயமோ செம்போ பேரியமோ கிடையாது. வீட்டில் எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க வைத்துப் பார்ப்பது ஒரு ஆரம்பச் சோதனைதான். முறையான சோதனையில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 22 டிகிரியில் 24 மணி நேரம் ஊற்றி வைத்து, அந்த அமிலத்தில் என்ன இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் கிண்ணங்கள் கடைக்குப் போயின.

இதுவரை சொன்னது எல்லாம் தொழில். அக்கா போட்ட ஒரு நிபந்தனை மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது.

கையால் செய்கிற பட்டறையில் ஒவ்வொரு பாத்திரமும் கொஞ்சம் வேறு வேறாக இருப்பதைப் பெருமையாகச் சொல்வோம். நகரத்தில் வாங்குகிறவர்கள் அதற்காகவே காசு கொடுக்கிறார்கள். முதல் தொகுப்பைப் பார்த்த அக்கா, பெரிசும் சின்னதுமாக இருப்பதை வரிசையாக அடுக்கி, இது வேண்டாம் என்றார். எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். காரணம் கேட்டேன்.

"கார்ல வர்றவங்களுக்கு நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துக் குடுக்க என் கை தானா போயிடும். சவுக்கு வெட்ட வர்றவனுக்கு மிச்சம் இருக்கிறதுதான் வரும். எங்கப்பாவுக்கு டீக்கடைல கொட்டாங்குச்சிலதாம்மா ஊத்துவாங்க. என் கடைல அந்த வேலை நடக்கக் கூடாது."

இரட்டைக் குவளையை நான் புத்தகத்தில் படித்தவள். அவர் அதைப் பார்த்து வளர்ந்தவர். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடைகளில் பாத்திரத்தை வைத்துக் காட்டுகிற பாகுபாட்டையும் குற்றம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ கிராமத்து டீக்கடைகளில் தனிக் குவளை இருந்தது, கொட்டாங்குச்சி இருந்தது. ஒரு பாத்திரம் மனிதரை எப்படி நிறுத்தி வைக்கும் என்பது எனக்கு அந்த வாக்கியத்தில் தெரிந்த அளவுக்கு வேறெங்கும் தெரிந்ததில்லை. பாத்திரம் செய்கிற என்னிடம் இத்தனை வருஷத்தில் வேறு யாரும் இதைக் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மண் உருண்டையையும் தராசில் வைத்து, 550 கிராம் பார்த்துத்தான் சக்கரத்தில் ஏற்றுகிறேன். உயரத்துக்கும் அகலத்துக்கும் அளவுக்குச்சி வைத்து இழுக்கிறேன். சூளையில் நெருப்பு போகிற பாதையைப் பொறுத்து நிறம் மட்டும் கொஞ்சம் மாறும், ஒன்று வைக்கோல் பக்கம், ஒன்று பச்சைப் பக்கம். அது அவருக்குச் சரி. கனமும் அளவும் மாறக் கூடாது. ஒன்றுபோல இழுப்பதை இயந்திர வேலை என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பந்தியில் உட்காருகிறவர்களுக்கு ஒரே மாதிரி இலை போடுவதில் இருக்கிற மரியாதை இதில் இருக்கிறது.

கூழ் புளிக்கிற பெரிய பானையை மட்டும் நான் செய்யவில்லை, செய்து தருகிறேன் என்று கேட்கவும் இல்லை. அது பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் செய்கிற சுடுமண் பானை. சக்கரத்தில் வாயும் தோளும் இழுத்து, உள்ளே ஒரு கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். அவ்வளவு மெலிசாக என்னால் செய்ய முடியாது. துளையுள்ள அந்த மண்ணில்தான் கூழ் குளிர்ந்து கிடக்கும். பழகிய பானையில்தான் புளிப்பு சரியாக ஏறும் என்பதும் அக்காவின் அனுபவம், அதைச் சோப்புப் போட்டுக் கழுவவே மாட்டார். இந்தப் பக்கத்துச் சுடுமண் வேலைக்கு நீண்ட பெருமை உண்டு, வில்லியனூர் சுடுமண் கலைப்பொருள்களுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்த கைகளின் தொடர்ச்சி இது. பெரியவருக்கு ரொம்ப நாளாகத் தலைவலி ஏரி மண். மண் எடுக்க அனுமதிக்கு அலைவதிலேயே பருவம் போய்விடும். தமிழ்நாட்டில் 2024-ல் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி, குளங்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று ஆனது. நல்ல காரியம். ஸ்டோன்வேர் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. கூழ்க்கடைக்கு இரண்டு மண்ணும் வேண்டும்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு கிண்ணத்தின் விலை ஒரு சொம்பின் விலையைப் போலப் பல மடங்கு. அதோடு, பழைய எவர்சில்வரை எடை போட்டு விற்கலாம், உடைந்த கிண்ணத்துக்கு ஒரு ரூபாய் வராது. இதை முதலிலேயே எடுத்துச் சொன்னவர் அக்காதான். பேசி, ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் கடைக்குப் போகும் கிண்ணங்களுக்கு மண், விறகு, கூலி மட்டும் கணக்கிட்டு, தவணையில் தருவார். அதே கிண்ணத்தை நான் வெளியே விற்கும்போது ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பங்கு. அடியில் இரண்டு முத்திரை இருக்கும், ஒன்று என் பட்டறையுடையது, இன்னொன்று அவருடையது. தனக்கென்று அவர் தேர்ந்தெடுத்தது விரல் விரித்த கேழ்வரகுக் கதிர். முன்பு ஓர் உணவகம் என்னிடம் தட்டுகளை இலவசமாகக் கேட்டது, உங்களுக்கு விளம்பரம் ஆகுமே என்று. இருவரும் கணக்கு பார்த்து, இருவருக்கும் கட்டுபடியாகிற விலையில் நிற்பதைத்தான் சேர்ந்து வேலை செய்வது என்று நான் சொல்வேன்.

கடையில் கிண்ணம் உடைந்த இடம் பெரும்பாலும் கழுவும் தொட்டி. சிமெண்ட் மேடையில் கவிழ்த்தால் விளிம்பு பெயரும். அக்கா மேடை மேல் பழைய கோணிப்பையை நான்காக மடித்துப் போட்டார், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடுக்கும்போது மேல் கிண்ணத்தின் அடிவளையம் கீழ்க் கிண்ணத்தின் உட்பக்கத்தைக் கீறியது. இப்போது ஒவ்வொரு வளையத்தையும் தேய்த்து வழவழப்பாக்கித்தான் அனுப்புகிறேன். கூழ் அள்ளுவது கொட்டாங்குச்சி அகப்பையால் என்பது நல்லதாகப் போயிற்று, எவர்சில்வர் கரண்டியாக இருந்தால் கிளேஸில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்திருக்கும். சொம்புதான் வேண்டும் என்று கேட்கிற ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொம்பிலேயே தருகிறார்.

சமைக்கிற கையும் மண் பிசைகிற கையும் சேர்ந்த கதைகள் உலகத்தில் நிறைய உண்டு. ஜப்பானில் கிதாஓஜி ரோசான்ஜின் (1883–1959) 1925-ல் டோக்கியோவில் ஓர் உணவகத்தைப் பொறுப்பேற்று நடத்தியபோது, தன் சமையலுக்குப் பொருந்துகிற கலங்கள் போதவில்லை என்று தானே சூளை கட்டிச் செய்யத் தொடங்கினார். கலிபோர்னியாவில் ஆலிஸ் வாட்டர்ஸின் ஷே பனீஸ் உணவகத்தோடு சேர்ந்து ஹீத் செராமிக்ஸ் ஒரு பாத்திர வரிசையே செய்தது. மதித்துப் படிக்க வேண்டிய முயற்சிகள். மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கானவை. வெயிலில் நின்றபடி, ஒரு கையில் மிளகாயோடு குடிக்கிறவரை நினைத்து நம் ஊரில் நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது தொட்டுக்கைக்கான தட்டில் இருக்கிறோம். வத்தல், மாங்காய், வெங்காயம் ஒரு தட்டில், கருவாடு தனியாக இன்னொன்றில். கருவாட்டு எண்ணெய் வழிந்து கையில் இறங்கக் கூடாது என்கிறார். இதற்கு ஒரு வடிவம் எங்கள் ஊர் மண்ணுக்குள்ளேயே கிடைத்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியிலிருந்து வந்த சிவப்புக் கலங்களோடு, அகன்ற மெல்லிய தட்டுகளின் ஓடுகளும் நிறைய வந்தன. உள்பக்க அடியில் சின்ன உருளை ஓட்டிய புள்ளி வட்டங்கள் இருப்பதால் ரௌலட் பாண்டங்கள் என்கிறார்கள். சுமார் 2000 வருஷம் பழையவை. அவற்றின் விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும். எண்ணெய் தங்கும், விரலால் தள்ளுவது அந்த வளைவில் மாட்டி நிற்கும். அந்த விளிம்பை வைத்து ஒரு தட்டு இழுத்துக் காட்டினேன். அக்கா கருவாட்டை வைத்து, சாய்த்து, ஆட்டிப் பார்த்தார். விளிம்பு சரி, அடி இன்னும் அரை விரல் ஆழம் வேண்டும் என்றார். புள்ளி வட்டமும் வேண்டாமாம், கருவாட்டு மசாலா அதில் போய் உட்கார்ந்துகொண்டால் தேய்த்துக் கழுவ நேரமாகும். ஆடி பிறந்தால் கோயில் கூழ் வேலையில் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் வட்டம் இல்லாத, ஆழம் கூட்டிய தட்டை இழுத்துக் காய வைத்துவிட்டால், அடுத்த சூளையில் ஏற்றிவிடலாம்.